எதுவும் வளரவில்லை

பிப்ரவரி 3, திங்கள்

அம்மாவுக்குக் காய்ச்சல் இன்றோடு எட்டு நாள். மாலையில் ஏறுகிறது. விடிவதற்குள் வியர்த்து, தலையணை உறை நனைந்து, இறங்கிவிடுகிறது. காலையில் எழுந்து ஒன்றும் நடக்காதவள் போலத் தலை சீவுகிறாள். சத்துணவு மையத்துக்கு மூன்று நாள் விடுப்பு சொல்லியாயிற்று. "நான் போவலன்னா அந்த ராணி பருப்ப அரவேக்காடா இறக்கிருவா" என்பதுதான் அவள் கவலை.

ஞானசேகர் அண்ணன் கடையில் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கி வந்தேன்.

அலுவலகத்தில் சௌந்தரவல்லி மேடம் எனக்குப் புதுச் சொல் கொடுத்தார்: கல்ச்சர். "சின்னச் சொல்லுதான் சுபா, ஒரு வாரத்துல முடிச்சிரு." எங்கள் கலைச்சொல் தொகுப்பில் துறைக்கு ஓர் அட்டை. அந்தந்தத் துறையின் வல்லுநர் கையெழுத்துப் போட்டால் அட்டை அதற்குரிய பெட்டிக்குள் போய்விடும். ஒரு துறையின் பொருளை இன்னொரு துறை அட்டையில் எழுதக் கூடாது. குழப்பம் வரும் என்பது மேடத்தின் சட்டம். சமூகவியலுக்குப் பண்பாடு. பட்டுப்புழுத் துறைக்கு வளர்ப்பு. தாவரவியலுக்குத் திசு வளர்ப்பு. மேலாண்மைக்காரர் 'பணிச்சூழல்' என்று எழுதி, அடித்து, மறுபடி அதையே எழுதியிருக்கிறார். பதினொரு அட்டைகள்.

பிப்ரவரி 5, புதன்

காய்ச்சல் இல்லை! அம்மா ரசம் வைத்தாள். கொத்தமல்லி இல்லை என்று என்னைத் திட்டினாள். திட்டுவதற்குக் குரலில் தெம்பு வந்துவிட்டது.

மொழியியல் அட்டைக்காக வேரைத் தேடினேன். அந்தச் சொல்லின் அடியில் இருப்பது உழவு. நிலத்தைக் கிளறி, கல் பொறுக்கி, ஒன்று முளைக்கும்படி செய்வது. நம்மிடமும் நிலத்தைத்தான் முதலில் பண்படுத்தினோம், பிறகுதான் மனிதர்களை. தொடர்பே இல்லாத இரண்டு ஊர்களில் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். இந்த வேலையில் எனக்குப் பிடித்தது இதுதான். யாரிடமாவது சொல்லலாம் என்று பார்த்தேன். அம்மா தொலைக்காட்சி முன்னால் தூங்கியிருந்தாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மறுபடி 102.

மாடியில் துணி எடுக்கப் போனவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்ததில் அவளுக்கு இதய வால்வு ஒன்று கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்து, எல்லோரும் மறந்துபோன செய்தி. வேதாரண்யத்துக்குப் போன் செய்து மாமாவை வரச் சொன்னேன்.

பிப்ரவரி 10, திங்கள்

மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. தஞ்சாவூரிலேயே, பெரிய தனியார் மருத்துவமனை. கலியபெருமாள் மாமா காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். அம்மாவின் தம்பி. இறால் குளம் வைத்திருக்கிறார். எங்கே போனாலும் அவர் மேல் லேசாக உப்புத் தண்ணீர் வாசம் இருக்கும். கட்டிலைப் பார்த்ததும், "என்னக்கா, பேரன் பேத்தி எடுத்துட்டு வந்து படுக்க வேண்டிய எடத்துல இப்பவே வந்து படுத்துட்டே" என்றார். அம்மா, "முதல்ல அவளுக்கு ஒரு மாப்பிள்ளையப் பாருடா, பேசறதுக்கு முன்னாடி" என்றாள்.

பணி மருத்துவர் என்னைவிடச் சின்னவராக இருந்தார். வழக்கமான கேள்விகள் கேட்டார். பதில் சொன்னேன்.

பிறகு ரத்தம் எடுத்தார்கள். இடக்கை, வலக்கை, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி இடக்கை. குட்டி பாட்டில்களில் ஊற்றினார்கள். அடியில் பழுப்பு நிறத்தில் ஏதோ திரவம் இருந்தது. "கல்ச்சருக்கு அனுப்பறோம்மா" என்றார் சிஸ்டர். எனக்குச் சட்டென்று என் மேசைப் பெட்டி நினைவு வந்தது. மருத்துவத் துறை, அட்டை எண் 7: வளர்சோதனை. வல்லுநர் கையெழுத்து வாங்கியாயிற்று.

பிப்ரவரி 11, செவ்வாய்

இதயத்தை ஸ்கேன் செய்தார்கள். பெரிய டாக்டர், டாக்டர் ஃபர்ஹானா, நாற்பது வயதிருக்கும், மெதுவாகப் பேசுகிறவர். பழைய பழுதுள்ள வால்வில் கிருமி போய் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். "வால்வு மேல ஒரு சின்ன வெஜிடேஷன் தெரியுது."

மாமா என்னைப் பார்த்தார். "காய்கறியா?"

"அப்படி ஒரு சதை மாதிரி வளர்ந்திருக்குன்னு அர்த்தம் மாமா."

"அதுக்கு எதுக்கும்மா காய்கறி பேரு" என்று முனகினார்.

எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் சரியான மருந்தைக் கொடுக்க முடியுமாம். அதற்குத்தான் அந்தப் பாட்டில்கள்; ரத்தத்தில் கிருமி இருந்தால் அவற்றில் வளர்ந்து காட்டும். அதுவரை பொதுவாக இரண்டு மருந்துகள் ஏற்றுகிறார்கள். "ரெண்டு மூணு நாள்ல கல்ச்சர் சொல்லிரும்" என்றார் டாக்டர்.

அம்மாவுக்குத் தலை பின்னிவிட்டேன். முடி நிறைய உதிர்ந்தது. அவள் பார்க்காமல் சுருட்டி எடுத்தேன்.

பிப்ரவரி 12, புதன்

வளரவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

காலையிலும் 'எதுவும் வளரவில்லை.' காய்ச்சல் குறையவில்லை. மூன்று பாட்டில்களிலும் ஒன்றுமில்லை என்பதில் டாக்டர் ஃபர்ஹானாவுக்குத் திருப்தியில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிப் படித்தார். நான் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

மேடம் போன் செய்தார். அம்மாவை விசாரித்தபின், "அந்த மீன்வளத் துறை அட்டை மட்டும் பாக்கி சுபா. யாரையாச்சும் கேட்டுப் பாரேன்" என்றார். மாமாவைத்தான் கேட்டேன். காத்திருக்கும் இடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"கல்ச்சரா? அதத்தானே பாப்பா பதினெட்டு வருசமா பாத்துட்டிருக்கேன். குஞ்சு விட்டு, தீனி போட்டு, புடிக்கற வரைக்கும் ஒரு கல்ச்சர். நம்ம லேபுல பாக்கறதும் கல்ச்சர்தான். தண்ணிய ஒரு தட்டுல தடவி வைப்பான். மறுநாளு பாத்தா பச்சப் பச்சையா புள்ளி வரும். புள்ளி நெறயா இருந்தா நாம அவுட்டு."

"புள்ளியே வரலன்னா?"

"சுத்தம்னு அர்த்தம். இல்லன்னா எவனோ கிறுக்குத்தனம் பண்ணியிருக்கான்னு அர்த்தம்." சிரித்தார். "நம்ம பக்கத்துக் குளத்துக்காரன் ஒருத்தன், முந்துன நாளு மருந்த அடிச்சிட்டு மறுநாள் தண்ணியப் புடிச்சுக் கொண்டுபோய்க் குடுத்துருக்கான். மருந்து போட்ட தண்ணியில என்ன வளரும்? ஒண்ணும் வளரல. குளம் சுத்தம்னுட்டான் லேப்காரன். இவனும் காலாட்டிக்கிட்டு இருந்தான். நாலாம் நாளு எறா பூரா செத்து மேல மெதக்குது."

டீ ஆறிப்போனது. மாமா என் கோப்பையையும் வாங்கிக் குடித்தார்.

பிப்ரவரி 14, வெள்ளி

எழுதிவிடுகிறேன். இதை வேறு யாரும் படிக்கப் போவதில்லை.

மூன்றாம் தேதி நான் வாங்கியது காய்ச்சல் மாத்திரை மட்டும் இல்லை. ஞானசேகர் அண்ணன் அதோடு ஆன்டிபயாடிக் கேப்சூலும் கொடுத்தார். அட்டையிலிருந்து கத்தரித்து, சின்னக் காகித உறையில் போட்டு, உறையின் மேல் காலைக்கு ஒரு கோடு இரவுக்கு ஒரு கோடு கிழித்துக் கொடுத்தார். நான்தான் கேட்டேன். "ஆன்டிபயாடிக் எதாச்சும் குடுங்கண்ணே, டாக்டர்ட்ட போனா டெஸ்டு அது இதுன்னு இழுத்துருவாங்க." அம்மா ஏழோ எட்டோ சாப்பிட்டாள். ரசம் வைத்த நாளில் காய்ச்சல் விட்டது. அதன்பின் இரண்டு நாளில் நிறுத்திவிட்டோம்.

பத்தாம் தேதி அந்தப் பணி மருத்துவர் எங்களுக்கு முன்னால் இருந்த அம்மாளை, வார்டே திரும்பிப் பார்க்கும்படி, "மெடிக்கல் ஷாப்காரனே வைத்தியம் பாக்கட்டும், எதுக்கு இங்க வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு எங்கள் பக்கம் வந்தார். "வெளிய ஆன்டிபயாடிக் ஏதாவது எடுத்தாங்களா?"

அம்மா என் கையை அழுத்தினாள். சொல்லாதே என்கிற அழுத்தல். ஆனால் அதன் மேல் பழி போட முடியாது. அவள் அழுத்துவதற்கு முன்பே நான் வாயைத் திறந்துவிட்டேன். "இல்ல டாக்டர், பாராசிட்டமால் மட்டும்தான்."

மாமா பக்கத்தில் பெருமையாக நின்றார். சேர்க்கும்போதே எல்லாரிடமும் சொல்லியிருந்தார்: "எங்க பாப்பா டிக்சனரி எழுதுது."

ஆன்டிபயாடிக் அட்டையை எழுதியதும் நான்தான். போன வருடம். விளக்கத்தில், மருத்துவர் சொல்லும் அளவிலும் காலத்திலும் மட்டுமே கொள்ள வேண்டியது என்று ஒரு வரி சேர்த்து, மேடத்திடம் பாராட்டும் வாங்கினேன். அது ஒரு பெட்டியில் இருக்கிறது. வளர்சோதனை வேறு பெட்டியில். இறால் குளம் இன்னொன்றில். பதினொரு அட்டைகளை நான் ஒருநாளும் ஒன்றாகப் பரப்பிப் பார்க்கவில்லை.

நாளை காலை சுற்றில் சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரி 15, சனி

டாக்டர் ஃபர்ஹானா வரவில்லை. சென்னையில் மாநாடு. திங்கள்தான் வருவாராம். வந்தது அந்தப் பணி மருத்துவர். நான் எழுந்து நின்றேன். "சொல்லுங்க" என்றார். "அம்மாவுக்குப் பசிக்கவே மாட்டேங்குது" என்றேன்.

மருந்தின் பெயராவது தெரிந்தால் சொல்வது சுலபமாக இருக்கும் என்று தோன்றியது. ஞானசேகர் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, சுபா பேசறேன். மூணாந்தேதி அம்மாவுக்கு ஒரு கேப்சூல் குடுத்தீங்கள்ல, அதோட பேரு என்ன?"

"கேப்சூலா? நான் பாராசிட்டமால்தானே பாப்பா குடுத்தேன்."

"இல்லண்ணே, கட் பண்ணிக் குடுத்தீங்களே. பச்சையும் வெள்ளையுமா."

"வேற கடையில வாங்கியிருப்ப. சீட்டு இல்லாம நான் அதெல்லாம் குடுக்கறதில்ல. ஏன், அம்மாவுக்கு என்ன?"

சொன்னேன். "கடையில ஆளு நிக்குது பாப்பா" என்று வைத்துவிட்டார். பிறகு இரண்டு முறை அடித்தேன், எடுக்கவில்லை. அவர் மேல் கோபம் வரவில்லை. அவரும் என்னைப் போலத்தான் செய்தார்.

வீட்டுக்குப் போய் உறையைத் தேடினேன். குப்பை வண்டி போய் ஒரு வாரமாகிறது. துளசிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

101.8. அம்மா இட்லியை விண்டு விண்டு தட்டிலேயே வைத்திருந்தாள். விரல் நுனியில் சிவப்புச் சிவப்பாக இரண்டு புள்ளிகள். "கொசு கடிச்சிருக்கும்" என்கிறாள். சிஸ்டர் வந்து பார்த்தார், கொசு என்று சொல்லவில்லை. போனில் யாருக்கோ தகவல் கொடுத்தார்.

பிப்ரவரி 17, திங்கள்

சொல்லிவிட்டேன்.

டாக்டரின் அறைக்கு வெளியே ஐம்பது நிமிடம் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று நான்கு விதமாக மனத்துக்குள் எழுதிப் பார்த்திருந்தேன். உள்ளே போனதும், "டாக்டர், அம்மா ஆன்டிபயாடிக் சாப்பிட்டாங்க, நான்தான் வாங்கிக் குடுத்தேன், அன்னிக்குக் கேட்டப்ப இல்லன்னு சொல்லிட்டேன்" என்று ஒரே மூச்சில் கொட்டினேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் பேனாவைத் திறந்தார்.

"என்ன மருந்து?"

"பேர் தெரியாது. பச்சையும் வெள்ளையும்."

"எத்தன நாள்?"

"மூணரை, நாலு நாள். ஏழாந்தேதி காலையோட நிறுத்திட்டோம்."

"அப்ப அட்மிட் ஆகறதுக்கு மூணு நாள் முன்னாடி." எழுதினார். "அதான். முழுசாக் கொல்லவும் இல்ல, வளரவும் விடல."

"இப்ப என்ன பண்றது டாக்டர்?"

பேனாவை மூடினார். "பொதுவா குடுக்கற மருந்து கேக்கல. கிருமி எதுன்னு தெரியாம இன்னும் கடுமையான மருந்துக்குப் போனா சிறுநீரகத்துக்கு ஆபத்து. அதனால எல்லா ஆன்டிபயாடிக்கையும் நிறுத்திட்டு, மூணு நாள் விட்டு, மறுபடி ரத்தம் எடுத்துக் கல்ச்சர் போடணும்."

"மூணு நாள் எதுவுமே குடுக்காமயா?"

"பக்கத்துலயே வச்சுப் பாத்துக்குவோம். மோசமானா உடனே ஆரம்பிச்சிருவேன்." பிறகு, எழுந்து போகப் போனவளிடம், "இதயே பத்தாந்தேதி பண்ணியிருக்கலாம். அப்ப அவங்க நடந்து வந்தாங்க" என்றார். குற்றம் சொல்லும் குரலே இல்லை. தேதி சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

முதல் நாள். மருந்து பாட்டில் தொங்கும் கம்பம் வெறுமையாக நிற்கிறது. மாமா அதைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தார். சிஸ்டர் மறுபடி பழைய இடத்துக்கே இழுத்தார்.

"ஏன்டி இன்னிக்கு ஊசி போடல?" என்றாள் அம்மா.

சொன்னேன். மாமாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு முதலில் வந்தது கோபம். "போய்ச் சொல்லிட்டியா? உன்ன யாருடி சொல்லச் சொன்னது? அந்தம்மா நம்மள என்ன நெனைக்கும்? ஒண்ணுந் தெரியாத கூட்டம்னு நெனைக்கும்."

"நெனைச்சா நெனைக்கட்டும்மா."

"உனக்கென்ன, நீ நாளைக்கு ஆபீஸ் போயிருவ. அந்தம்மா மொகத்துல தெனமும் நான்ல முழிக்கணும்." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மாமா வெளியே போனார். ஜன்னல் வழியே தெரிந்தது. வண்டிகள் நிறுத்துமிடத்தில், வேப்பமரத்தடியில், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். அன்று டீ குடித்தபடி அந்தக் குளத்துக்காரனைப் பற்றிப் பேசும்போது சிரித்தோமே என்று நினைத்திருப்பார். திரும்பி வந்து, "சாப்டியா பாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

பிப்ரவரி 19, புதன்

காலை 101. மதியம் 102.4. நான்கு மணிக்கு 103.2.

கட்டில் ஆடும்படி குளிர் நடுக்கம். இரண்டு போர்வை, அதன் மேல் மாமாவின் துண்டு, அதன் மேல் என் துப்பட்டா. பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஈரத்துணியைப் பிழிந்து நெற்றியில் போடலாம், எடுக்கலாம், மறுபடி போடலாம். எனக்கு விடப்பட்டிருக்கும் வேலை இவ்வளவுதான். அவளுக்குள் அது வளர வேண்டும் என்று ஒரு மருத்துவமனையே கைகட்டிக் காத்திருக்கிறது.

நடுக்கம் விட்டபின் அம்மா பேசினாள். கோபம் போயிருந்தது. "உங்கப்பாவுக்கும் அந்தக் கடையிலதான்டி எல்லாம் வாங்குனோம். உனக்குச் சின்னப் புள்ளயில சளி புடிச்சா அங்கதான். எப்பவும் கேட்டுச்சுல்ல."

"கேட்டுச்சும்மா."

"அப்பறம் என்ன" என்றாள்.

மேடம் செய்தி அனுப்பியிருந்தார்: அட்டைகளுக்கு அவசரமில்லை, அம்மாவைப் பார்த்துக்கொள். பதில் போடவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

பகல் பதினோரு மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். மூன்று இடங்களில். நரம்பு கிடைக்காமல் சிஸ்டர் நான்கு முறை குத்தினார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு என் விரல்களை எண்ணுவது போல ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்து விட்டாள். பாட்டில்களை எடுத்துப் போன பையன் பின்னாலேயே லிஃப்ட் வரை போனேன். எதற்கு என்று தெரியாது. கதவு மூடிக்கொண்டது.

பன்னிரண்டு மணிக்கு மருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். வேறு மருந்து, இன்னும் கடுமையானது. இனிக் காத்திருக்க முடியாதாம், சிறுநீரகத்தைத் தினமும் சோதித்துக்கொண்டே கொடுப்பார்களாம்.

பிப்ரவரி 21, வெள்ளி

மூச்சு சிரமமாக இருக்கிறது. தலைமாட்டை உயர்த்தி வைத்திருக்கிறார்கள். பேச்சு இரண்டு சொல், மூன்று சொல்.

பிப்ரவரி 22, சனி

காலை ஒன்பதரைக்கு டாக்டர் ஃபர்ஹானா வேகமாக உள்ளே வந்தார். சிரித்த முகத்தோடு அவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். "வளர்ந்திருச்சு. மூணு பாட்டில்ல ரெண்டுல."

மாமா கைகளைக் கூப்பி மேலே பார்த்தார். "என் வாழ்க்கையில லேபுல வளர்ந்துருச்சுன்னு சொன்னதுக்குச் சந்தோசப்படறது இதான் டாக்டர் மொத தடவ." எனக்கும் அதே சந்தோஷம். என் அம்மாவின் ரத்தத்தில் கிருமி செழிப்பாக வளர்கிறது என்ற செய்தியைக் கேட்டு நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கிருமியின் பெயர் மாலைக்குள் தெரியுமாம். அதற்கென்றே உள்ள மருந்தை ஆறு வாரம் கொடுக்க வேண்டும்.

பிறகு என்னை வெளியே அழைத்துப் போனார். நேற்று மாலை மறுபடி எடுத்த ஸ்கேனில் வால்வு ஓரத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது. ரத்தம் பின்னால் கசிகிறது. ஆறு வாரம் தாங்குமா என்று சொல்ல முடியாது. வால்வை மாற்ற வேண்டியிருக்கும், ஒருவேளை சீக்கிரமே. இந்த உடம்போடு அது ஆபத்துதான். இதய அறுவை மருத்துவர் மதியம் வந்து பார்ப்பார்.

"அந்த மூணு நாளாலயா டாக்டர்? இல்ல, அதுக்கு முன்னாடியே…"

"அத அப்படிப் பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா."

"நான் பத்தாந்தேதியே சொல்லியிருந்தா?"

அவர் என் தோளில் கை வைத்தார்.

மதியம் அறுவை மருத்துவர் வந்தார். நரைத்த மீசை, சத்தமான குரல். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கேட்டார். காய்ச்சல் எப்போது, மூச்சு எப்போது. தாளைப் புரட்டியவர் ஓரிடத்தில் நின்றார். "வெளிய கடையில மருந்து வாங்கியிருக்கீங்க. சேக்கும்போது மறைச்சிருக்கீங்க. யாரு வாங்கிக் குடுத்தது?" கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா தலையணையிலிருந்து எழும்பினாள். நேற்றிலிருந்து மூன்று சொல்லுக்கு மேல் பேசாதவள்.

"நான்தாங்க போயி வாங்குனேன். என் பொண்ணுக்குத் தெரியாது. அது படிச்ச புள்ள, தெரிஞ்சா விட்டுருக்காது. அன்னிக்கு டாக்டர் கேட்டப்ப அதுக்குத் தெரியாது, அதான் இல்லன்னுச்சு. அப்பறந்தான் நான் அதுகிட்டச் சொன்னேன்."

இடையில் இரண்டு முறை மூச்சுக்காக நிறுத்தினாள். சொல்லி முடித்ததும் என்னைப் பார்க்கவில்லை. மாமாவும் பார்க்கவில்லை.

"இந்த வயசுல இப்படிப் பண்ணலாமாம்மா?" என்று அவளை அதட்டினார் மருத்துவர்.

"தப்புதாங்க" என்றாள் அம்மா.

அவர் பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.